சுட்டு இயல்: ஏரிக்கரையில் பறவை காட்டுதல் குறித்த ஒரு சிற்றாராய்ச்சி

ஏரிக்கரையில் பறவையைக் காண்பது ஒரு செயல். கண்ட பறவையை அருகில் நிற்பவருக்குக் காட்டுவது முற்றிலும் வேறொரு செயல். முன்னதற்கு நூல்கள் பல உண்டு. சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941இல் வெளிவந்த நாள்தொட்டு, அலகின் வளைவும் காலின் நிறமும் வாலின் நீளமும் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டு வருகின்றன. பின்னதற்கு அத்தகைய நூல்களில் ஓர் அதிகாரமும் ஒதுக்கப்படுவதில்லை. ஆயினும் கார்த்திகைக்கும் மாசிக்கும் இடைப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று செவி சாய்த்தால், அங்கே பேசப்படும் சொற்களில் பெரும்பாலானவை பறவையின் பெயரோ குணமோ பற்றியவை அல்ல என்பது விளங்கும். "எங்கே?", "அதோ", "எந்த மரம்?", "அந்த மரம்" என்னும் நான்குமே கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒலிக்கின்றன. இத்துணைப் பேருழைப்பு செலவாகும் ஒரு கலைக்கு இலக்கணம் இல்லாதிருப்பது தகாது.

காட்டுதல் என்னும் செயலுக்கு உறுப்புகள் மூன்று: காட்டுபவர், காண்பவர், காட்டப்படும் பறவை. இவற்றுள் முதல் இரண்டும் ஒத்துழைக்கின்றன. மூன்றாவதற்கு இச்செயல் நடைபெறுவதே தெரியாது. காண்பவரின் கண்ணில் பறவை விழுந்த கணத்தில்தான் காட்டுதல் நிறைவேறுகிறது. "அதோ" என்று சொல்லி விரலை நீட்டியதுடன் கடமை முடிந்ததாகக் கருதுபவர், காசை நீட்டிவிட்டு வாங்குபவர் கை பற்றும் முன்பே விட்டுவிடுபவரை ஒத்தவர். ஏரிக்கரைகளில் அவ்வாறு கீழே விழுந்து கிடக்கும் பறவைகளுக்கு அளவில்லை.

தமிழுக்கு இத்துறையில் இயல்பாகவே ஒரு முதலீடு உண்டு. சுட்டெழுத்துகள் மூன்று என்று தொல்காப்பியம் வகுத்தது. நன்னூலும் அதனையே கொண்டது. அண்மைக்கு இகரம், சேய்மைக்கு அகரம், இரண்டிற்கும் நடுவே உகரம். இம்மூன்றும் ஏரியின் அமைப்போடு பொருந்தும் விதம் வியப்புக்குரியது. கரைச்சரிவில் காலடிக்கு அருகே நிற்கும் மடையான் இகரத்துக்கு உரியது. ஏரி நடுவில், நீரில் கால் நனைத்து நிற்கும் நீர்க்கடம்ப மரங்களின் உச்சியில் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தி நாரை அகரத்துக்கு உரியது. கரைக்கும் மரத்துக்கும் இடையே விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பில் மிதக்கும் நாமக்கோழியும் புள்ளிமூக்கு வாத்தும் முக்குளிப்பானும் உகரத்தின் குடிகள். ஏரியின் பரப்பில் பெரும்பகுதி உகரத்துக்கே சொந்தம்.

தமிழ்நாட்டுப் பேச்சு இந்த உகரத்தைத் தொலைத்துவிட்டது. அதன் விளைவு ஏரிக்கரையில் நாள்தோறும் தெரிகிறது. இடைத்தொலைவில் மிதக்கும் வாத்தை ஒருவர் "அதோ" என்று சுட்டியவுடன், கேட்பவர் பார்வை வாத்தைத் தாண்டி மரத்துக்குப் போய், அங்கிருந்து வயலுக்குப் போய், வயலுக்கு அப்பால் உள்ள செல்போன் கோபுரத்தில் நின்றுவிடுகிறது. "இதோ" என்று சுட்டினாலோ அவர் தம் காலடியைப் பார்த்து, பாம்போ என அஞ்சிப் பின்வாங்குகிறார். யாழ்ப்பாணத்துப் பேச்சில் உது, உந்த, உவன் என்னும் வழக்குகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஆகவே மன்னாரின் வங்காலை நீர்நிலைக் கரையில் நின்று ஊசிவால் வாத்தைக் காட்டும் ஒருவர், கருவி வகையில், வேடந்தாங்கலில் நிற்பவரைவிட ஓர் எழுத்து அதிகம் உடையவர். அந்த உகரம் இன்று அங்கே கேட்பவரை ஒட்டிய பொருளைக் குறிக்கவும் வருவதால் சிறிது மயக்கம் நேரலாம் என்பது உண்மையே. இருந்தும், இல்லாத எழுத்தைவிட மயங்கும் எழுத்து மேல்.

சுட்டு என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். இது வடிவில் ஒன்றாகத் தோன்றினாலும் இரு சொல். காட்டுதலைக் குறிக்கும் சுட்டு பெயர்ச்சொல். சுடு என்னும் வினையிலிருந்து வரும் சுட்டு வினையெச்சம். துப்பாக்கியோடு சேர்ந்தும் வழங்குவது. இரண்டும் ஒரு காலத்தில் வேடந்தாங்கலில் ஒருங்கே நிகழ்ந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டு கலெக்டரிடம் கவுல் என்னும் உறுதிப்பத்திரம் எழுதி வாங்கினார்கள். பறவையின் எச்சம் விழுந்த நீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு எரு வேண்டியதில்லை என்பதைத் தம் அனுபவத்தில் அறிந்த உழவர்கள் அவர்கள். ஓர் ஊர் தன் ஏரிக்காக நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆட்சியரின் கையெழுத்தைப் பெற்று, அந்த ஏரியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தது எளிய செய்தியன்று. அதன்பின் அந்த ஏரியில் வினையெச்சச் சுட்டு வழக்கொழிந்தது. பெயர்ச்சொல்லாகிய சுட்டு மட்டும் எஞ்சியது. இந்த ஆராய்ச்சி அதனைப் பற்றியது மட்டுமே.

இனி, சுட்டும் உறுப்பு. அதற்கெனத் தமிழில் தனிப்பெயர் பெற்ற விரல் ஒன்று உண்டு. சுட்டுவிரல் என்றும் ஆள்காட்டி விரல் என்றும் அதனை வழங்குகிறோம். இவ்விரலின் குறைபாடுகளை அளந்து காண்பது பயனுள்ளது. நீட்டிய கையின் நுனியில் அது கண்ணுக்குச் சுமார் ஒன்றரைப் பாகை அகலத்தை மறைக்கிறது. 200 மீட்டர் தொலைவில் இந்த ஒன்றரைப் பாகை ஐந்து மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமாகும். வேடந்தாங்கலில் ஒரு நீர்க்கடம்பின் ஐந்து மீட்டர் அகலத்துக்குள் பல கூடுகள் அடங்கிவிடும். ஆகவே விரல் தான் காட்ட விரும்பிய பறவையை முதலில் மறைக்கிறது. பின்னர் அதன் அண்டை வீட்டாரையும் மறைக்கிறது.

இதைவிடப் பெரிய குறைபாடு பக்கத்தில் நிற்பவருக்கு உரியது. காட்டுபவரின் கண்ணிலிருந்து விரல்நுனி ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. காண்பவர் அரை மீட்டர் இடப்புறம் தள்ளி நிற்கிறார் என்று கொள்வோம். அவர் தம் கண்ணிலிருந்து அந்த விரல்நுனி வழியாகக் கோடு போட்டுப் பார்த்தால், 200 மீட்டர் தொலைவில் அந்தக் கோடு உரிய பறவையிலிருந்து சுமார் 150 மீட்டர் விலகி விழும். கரண்டிவாயனைக் காட்டச் சொல்லிக் கேட்டவர் தென்னந்தோப்பைப் பார்த்து நிற்பதற்குக் காரணம் கவனக்குறைவு அன்று, வடிவகணிதம். இதனை அறியாமல் எத்தனையோ நல்ல மனிதர்கள் தம் குடும்பத்தாரைக் கடிந்துகொள்கிறார்கள்.

பரிகாரம் ஒன்று உண்டு. காண்பவர் தம் கன்னத்தைக் காட்டுபவரின் தோளில் பொருத்தி, நீட்டிய கையின் மேற்பரப்பை ஒட்டிப் பார்வையைச் செலுத்துவது. இதனைத் தோள்வழிச் சுட்டு எனலாம். பிழை அறவே நீங்கும். ஆனால் இம்முறை எல்லா உறவுக்கும் பொருந்துவதன்று. தந்தைக்கும் குழந்தைக்கும் இடையே தடையின்றி நிகழும். அண்ணன் தம்பிக்கிடையே, வயது பன்னிரண்டைத் தாண்டாதவரை நிகழும். நண்பர்களிடையே நிகழும். கணவன் மனைவிக்கிடையே, கரையில் கூட்டம் சேரும் முன்னர், காலை ஏழு மணிக்குள் நிகழும். மாமியாருக்கும் மருமகனுக்கும் இடையே எந்த மணியிலும் நிகழாது.

இந்த உறவுக்கெனக் குடை இருக்கிறது. மடக்கிய நீளக்குடையைக் கையோடு சேர்த்து நீட்டினால் சுட்டுநுனி கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டர் தொலைவுக்குப் போகும். அதே அரை மீட்டர் தள்ளி நிற்கும் மாமியாருக்கு நேரும் பிழை 150 மீட்டரிலிருந்து 66 மீட்டராகக் குறையும். பாதிக்கும் மேற்பட்ட ஆதாயம். ஆயினும் குடை உயர்ந்த மாத்திரத்தில் அருகிலுள்ள கொக்குகள் எழுந்து பறந்துவிடுவதால், இம்முறை தொலைப்பறவைகளுக்கே ஏற்றது. அருகில் உள்ளவற்றுக்கு மாமியாரே தம் முயற்சியால் காண்பதுதான் வழி.

விரலின் குறையைச் சொல் நிரப்புகிறது. சொல்லால் சுட்டுவதைப் புறச்சுட்டு, அகச்சுட்டு என இலக்கணப் பெயர்களாலேயே பிரிக்கலாம். பறவைக்கு வெளியே உள்ள ஒன்றை அடையாளமாகக் கொள்வது புறச்சுட்டு. பறவையிலேயே உள்ள ஒன்றைக் கொள்வது அகச்சுட்டு.

புறச்சுட்டில் தலையாயது மரம். "ஒரு மரம் தெரியுதா? அதுல மேல வெள்ளையா ஒண்ணு இருக்கே" என்பது கரையில் அடிக்கடி கேட்கும் வாய்பாடு. நாற்பது மரங்களுள் நாற்பதிலும் மேலே வெள்ளையாக ஒன்று இருப்பது அந்த ஏரியின் சிறப்பு என்பதால் இவ்வாய்பாடு பயனற்றது. பட்ட மரம் சிறந்தது. இரட்டைக் கிளை அதனினும் சிறந்தது. வளைந்து நீரைத் தொடும் கிளை தலைசிறந்தது. கரைக்கு அடிக்கடி வருபவர்கள் இத்தகைய கிளைகளை நினைவில் வைத்திருந்து, பறவை இல்லாதபோதும் ஒருமுறை பார்த்துக்கொள்வதை இக்கட்டுரையாளர் கண்டிருக்கிறார். மரத்துக்கு அடுத்த நிலையில் கம்பம், தூண், எருமை முதலியன வரும். எருமை இடம்பெயர்வது என்பதால் அதனைக் குறியாகக் கொண்ட சுட்டு இரண்டு நிமிடத்துக்கு மேல் செல்லாது. பள்ளிக்கரணைச் சதுப்பில் மரங்கள் குறைவு. அங்கே சாலையோரம் நிற்பவர்கள் எதிரே எழும் அடுக்குமாடிகளைக் குறியாகக் கொள்கிறார்கள். "மூணாவது பில்டிங்குக்கு நேர் கீழே" என்னும் சுட்டு ஆண்டுக்கு ஆண்டு திருத்தம் வேண்டி நிற்கிறது. புதிய கட்டடம் எழும்தோறும் மூன்றாவது நான்காவதாகிறது. சதுப்பும் அந்த அளவுக்குச் சுருங்குகிறது.

கடிகாரச் சுட்டு இளைஞரிடையே பரவியிருக்கிறது. நேர் எதிரே பன்னிரண்டு மணி, வலக்கைப் பக்கம் மூன்று மணி, இடக்கைப் பக்கம் ஒன்பது மணி. "ரெண்டு மணி, செந்நாரை" என்றால் வேறொரு சொல்லும் வேண்டியதில்லை. இதன் சுருக்கம் போற்றத்தக்கது. இதன் குறை, ஒவ்வொருவரும் தம் மூக்குக்கு நேரே பன்னிரண்டு மணியை வைத்திருப்பது. வளைந்த கரையில் வரிசையாக நிற்கும் எட்டுப் பேரிடம் எட்டுப் பன்னிரண்டு மணிகள் இருக்கும். ஒருமுறை முதியவர் ஒருவர், "ரெண்டு மணி" என்ற குரல் கேட்டுத் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் எட்டரைகூட ஆகலையே தம்பி" என்றார். அவர் கூற்றில் பிழை இல்லை. எந்தப் பன்னிரண்டு என்று முதலில் அறிவிக்காதவர் பக்கமே பிழை.

அகச்சுட்டு இவற்றினும் உயர்ந்தது. பறவை எங்கே போனாலும் அடையாளம் அதனோடு போகும். சத்திமுத்தப் புலவர் குளிரில் நடுங்கியபடி நாரையை விளித்துத் தூது சொன்னபோது, எந்த மரத்து நாரை என்று கூறவில்லை. அதன் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிட்டார். கால் சிவப்பு என்றார். அலகும் காலுமாகிய இரண்டு குறிகள் போதுமானவை. கூட்டத்தில் அந்த நாரையைத் தவறவிட இயலாது. அக்காலத்துப் புலமையில் காட்டுதல் எத்துணைத் தேர்ச்சி பெற்றிருந்தது என்பதற்கு இது சான்று. ஊர்மக்கள் இட்ட பெயர்களோ பெயராக இருக்கும்போதே சுட்டாகவும் தொழில் புரிகின்றன. அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நத்தைகுத்தி, நாமக்கோழி, பாம்புத்தாரா, நெடுங்கால் உள்ளான். பெயரைச் சொன்ன வாயால் வேறு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. நெற்றியில் வெள்ளை நாமம் தரித்த கரிய பறவையை நாமக்கோழி என்று ஒருவர் சொல்லக்கேட்ட ஐந்து வயதுக் குழந்தை, யாரும் காட்டாமலேயே அடுத்த ஒன்பதையும் தானே கண்டுபிடித்ததை இக்கட்டுரையாளர் நேரில் கண்டார். பெயரிட்டவர் யாரோ, அவருக்கு இத்துறை கடன்பட்டிருக்கிறது.

காட்டப்படும் பறவைகளைக் குடும்பம், பேரினம் என்று பிரிப்பது விலங்கியல். காட்டுதலுக்கு அப்பகுப்பு உதவாது. சுட்டுக்கு அவை எவ்வாறு உட்படுகின்றன என்பதே கேள்வி.

முதல் வகை நிற்பன. சாம்பல் நாரை இவ்வகைக்குத் தலைவன். ஒரு காலில் அரைமணி நேரம் அசையாது நிற்கும் அதன் பொறுமை காட்டுபவருக்கு வரம். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. மஞ்சள் மூக்கு நாரையும் நிற்பதே. அதனை யாருக்கும் காட்ட வேண்டிய தேவையே எழுவதில்லை. இளஞ்சிவப்பு இறகோடு உச்சிக்கிளையில் நிற்பதைக் கரைக்கு வந்த அனைவரும் ஏற்கெனவே கண்டாயிற்று. அதனைக் காட்டுபவர் கோயில் வாசலில் நின்று கோபுரத்தைக் காட்டுபவருக்கு ஒப்பானவர்.

இரண்டாம் வகை மூழ்குவன. முக்குளிப்பானுக்கு அகரத்துக்கும் தோகாரத்துக்கும் இடைப்பட்ட நேரம் போதும். "அ" என்று வாய் திறக்கையில் நீர்மேல் இருந்தது "தோ" என்று முடிக்கையில் நீருக்கடியில் இருக்கும். பத்து, இருபது நொடி கழித்து வேறெங்கோ எழும். எங்கே எழும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாததால், இதனைக் காட்டுபவர் இறந்தகாலத்தையே நாட வேண்டியிருக்கிறது: "இருந்துச்சு." நிகழ்காலத்தில் காட்ட இயலாத பறவை என்ற தனிச்சிறப்பு இதற்கு உண்டு. பாம்புத்தாரா பாதி மூழ்குவது. உடலை நீருக்குள் வைத்துக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டிச் செல்லும். இதனைக் காட்டுபவர் "பாம்புத்தாரா" என்று முழுப்பெயரையும் சொல்லி முடிப்பது இன்றியமையாதது. முதல் மூன்றெழுத்தோடு நிறுத்திய ஒருவரால் பேருந்தில் வந்த நாற்பது மாணவர்களும் கரையிலிருந்து இறங்கிவிட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. நீந்தி முடித்தபின் பாம்புத்தாராவின் இறகு நனைந்துவிடுகிறது. அது கிளையில் ஏறிச் சிறகை விரித்து வெயிலில் காயவைக்கும். மூழ்குவன அவ்வாறு நிற்பனவாக மாறும் வேளையே அதனைக் காட்டுவதற்குத் தகுந்தது. இதனைச் சுட்டுத்திரிபு எனலாம்.

மூன்றாம் வகையே மிகவும் சிந்தனைக்குரியது. மடையான் சேற்றோரம் கூனிக்கொண்டு நிற்கும்போது சேற்றின் நிறம். கோடுகளும் சேற்றின் கோடுகள். மூன்றடி தள்ளி நின்றாலும் கண்ணுக்கு அகப்படாது. பறந்த கணத்தில் இரண்டு சிறகும் பால்வெண்மையாக விரியும். ஆகவே இருக்கும்போது இல்லாததும், போகும்போது மட்டும் இருப்பதுமான பறவை இது. இருக்கும்போது காட்டினால் "அங்க ஒண்ணுமில்லையே" என்பார்கள். பறக்கும்போது காட்டினால் "அது வெள்ளைக் கொக்கு" என்பார்கள். இதன் உண்மை வடிவை இரண்டு நிலையிலும் பிறருக்கு மெய்ப்பிக்க வழியில்லை. குருட்டுக் கொக்கு என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. கண் தெரியாதது யாருக்கு என்பதை அப்பெயர் தெளிவுபடுத்தவில்லை.

நான்காம் வகை கூட்டமாக மிதப்பன. நீலச்சிறகு வாத்துகள் நூற்றின் நடுவே ஊசிவால் வாத்து ஒன்று கலந்திருக்கும்போது, "இடமிருந்து ஏழாவது" என்று எண்ணிக் காட்டுவது வழக்கம். எண்ணத் தொடங்கும்போது ஏழாவதாக இருப்பது எண்ணி முடிக்கும்போது நான்காவதாகிவிடும். சில வேளை கூட்டமே திசை திரும்பி, இடம் வலமாகிவிடும். இவ்வகைக்கு அகச்சுட்டு ஒன்றே கதி.

இந்த இடத்தில் அன்னத்தைப் பற்றிப் பேசாமல் தவிர்க்க இயலாது. தமிழ்நாட்டு ஏரிக்கரைகளில் மிகுதியாகச் சுட்டப்படும் பறவை அன்னமே. அங்கே அறவே இல்லாத பறவையும் அதுவே. உலகில் அன்ன இனங்கள் ஆறு. ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் வாழும், செம்மஞ்சள் அலகின் அடியில் கருங்குமிழ் தாங்கிய வெள்ளை அன்னம் குளிர்காலத்தில் மிக அரிதாக இந்தியாவின் வடமேற்கை எட்டிப்பார்ப்பதுண்டு. ஆறில் எதுவும் தமிழ்நாட்டு ஏரிகளுக்கு வலசை வருவதில்லை. எனினும் குத்துவிளக்கின் உச்சியிலும், காஞ்சிபுரம் பட்டின் கரையிலும், கோயில் தூணிலும், சுற்றுலாத் தலத்து மிதிபடகின் முகப்பிலும் பிறந்தது முதல் அதனைக் கண்டு வளர்ந்தவர், ஏரியில் முதலில் தென்படும் பெரிய வெள்ளைப் பறவையை "அன்னம்" என்று சுட்டுவது இயல்பே. இதனைப் பிழை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது ஆராய்ச்சிக்கு அழகன்று.

அன்னத்துக்குத் தமிழ் மரபு உரிமையாக்கிய இயல்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஏரியில் வைத்துப் பார்க்க வேண்டும். வெண்மையும் மெல்லிய நடையும் பெரிய வெண்கொக்கிடம் இருக்கின்றன. ஆழமற்ற நீரில் அது காலை எடுத்து வைக்கும் நிதானத்தைக் கண்டவர் வேறு நடையை உவமைக்குத் தேடமாட்டார். வளைத்த கழுத்தோடு நீரில் மிதக்கும் பெருமிதம் கூழைக்கடாவிடம் இருக்கிறது. நீரையும் உணவையும் பிரித்தெடுக்கும் ஆற்றல் பூநாரையிடம் உண்மையாகவே இருக்கிறது. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாவால் நீரை இறைத்து, அலகின் ஓரத்துச் சீப்புப் பற்களால் நுண்ணுயிர்களை வடித்துக்கொள்வது அதன் தொழில். பாலும் நீரும் அன்று, சேறும் நீரும் என்பதே வேறுபாடு. நெடும்பயணமோ வரித்தலை வாத்துக்கு உரியது.

வரித்தலை வாத்தின் வழக்கு தனியே ஆராயத்தக்கது. புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் அன்னச்சேவல் ஒன்றை அழைத்து, குமரித்துறையில் அயிரை மீன் தின்றுவிட்டு வடமலைக்குப் போகும் வழியில் உறையூரில் இறங்கிக் கோப்பெருஞ்சோழனிடம் தம் பெயரைச் சொல்லச் சொல்கிறார். குமரிக்கு அருகே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு இமயத்தைத் தாண்டும் பறவை எது? தலையின் பின்புறம் இரண்டு கரும்பட்டை கொண்ட வரித்தலை வாத்து. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு அது குளிர்காலத்தில் வருகிறது. இமயத்தைக் கடக்கையில் 7,000 மீட்டருக்கு மேல் பறந்தது கருவிகள் பொருத்திப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. திசையும் தொலைவும் பாட்டோடு பொருந்துகின்றன. பொருந்தாதது அயிரை மட்டுமே. வரித்தலை வாத்து புல்லும் தானியமும் மேய்வது, மீன் பிடிப்பதன்று. இந்த ஒரு மீனால் வழக்கு முடிவடையாமல் நிற்கிறது.

ஆக, அன்னத்தின் உடைமைகள் நான்கு பறவைகளுக்குப் பாகப்பிரிவினை ஆகியுள்ளன. நளன் கதையில் அது பெற்ற பேச்சு மட்டும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. நாரைகளோ பேச்சுக்குப் பதில் அலகைத் தட்டி ஒலியெழுப்புவன. இந்நிலையில் ஏரிக்கரையில் கூழைக்கடாவைக் காட்டி "அன்னம்" என்பவர் கால்பங்கு சரி. கொக்கைக் காட்டுபவரும் கால்பங்கு சரி. நாள் முழுவதும் நான்கையும் தனித்தனியே காட்டி நான்கு முறையும் "அன்னம்" என்றவர் முழுவதும் சரி என்று கொள்ளத் தடையில்லை. அத்தகைய ஒருவர், அன்னக்கரைச் சேலை உடுத்திய மூதாட்டி, ஒருமுறை கரையில் இருந்தார். அவரைத் திருத்த முனைந்த பேரனைத் தடுத்தது இக்கட்டுரையாளரே.

காட்டுதலின் முடிவு "கண்டேன்" என்னும் சொல். இச்சொல்லை அப்படியே நம்பலாகாது என்பது நெடுநாள் கவனிப்பில் புலப்பட்டது. கண்டு "கண்டேன்" என்பது மெய்க்காண்டல். வேறொன்றைக் கண்டு "கண்டேன்" என்பது பிறிதுகாண்டல். இராக்கொக்குக்குப் பதில் கிளையில் மாட்டிய பாலித்தீன் பையை மனநிறைவோடு பார்த்துத் திரும்பியவர்கள் இவ்வகையினர். காணாமலே "கண்டேன்" என்பது உபசாரக் காண்டல்.

மூன்றாவதைச் சற்று விரிக்க வேண்டும். ஒரு தை மாதத்துக் காலையில், குடையை நீட்டி, பட்ட மரத்து இரட்டைக் கிளையைக் குறிவைத்து, இக்கட்டுரையாளர் தம் மாமியாருக்கு இராக்கொக்கு ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார். ஏழு நிமிடம் ஆயிற்று.

"தெரியுதா அத்தை?"

"தெரியுது மாப்ள, நல்லா தெரியுது."

"கண்ணு செவப்பா இருக்கு பாருங்க."

"ஆமா, என்ன செவப்பு!"

அவர் கண்ணாடி அப்போது காரில் இருந்தது. உபசாரக் காண்டல் அன்பிலிருந்து பிறப்பது. காட்டுபவரின் கை வலிக்குமே என்ற இரக்கமே அதன் வித்து. என்றாலும் அதனை ஏற்பதால் காட்டுதல் நிறைவேறிவிடாது. கேள்வி கேட்டுச் சோதிப்பதோ அந்த உறவில் கூடாது. இக்கட்டுரையாளர் காருக்குச் சென்று கண்ணாடியை எடுத்து வந்தார். வேறு சொல் எதுவும் பேசாமல் மறுபடியும் குடையை நீட்டினார். மூன்றாவது நிமிடத்தில் மாமியார், "அடியாத்தே, இவ்ளோ பக்கத்துலயா" என்றார். மெய்க்காண்டலுக்கு உரிய ஒலிக்குறி இதுவே: முதலில் வியப்பு, அடுத்துத் தொலைவைப் பற்றிய திருத்தம். உபசாரக் காண்டலில் தொலைவு திருத்தப்படுவதில்லை.

கண்டும் "காணேன்" என்பது இறுதி வகை. இது தோளில் ஏற விரும்பும் குழந்தைகளிடம் மட்டும் காணப்படுகிறது.

பைனாகுலர் இவ்வனைத்துச் சிக்கலையும் தீர்க்கும் என்று எண்ணுபவர் உண்டு. எட்டு மடங்கு பெரிதாக்கும் வழக்கமான கருவி 200 மீட்டர் தொலைவில் சுமார் 26 மீட்டர் அகலத்தை மட்டுமே காட்டும். கண் பறவையில் இருக்கும்போதே, பார்வையை விலக்காமல், கருவியைக் கண்ணுக்கு உயர்த்துவதே முறை. கருவியைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்பவர் மறுபடியும் "எங்கே?" என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே கருவியை நால்வர் பகிரும்போது கழுத்துவார் முதல்வர் கழுத்திலேயே இருப்பதால், ஏனையோர் அவரோடு கன்னத்தோடு கன்னம் சேர்ந்து காண்பர். முன்னர்ச் சொன்ன உறவுக் கட்டுப்பாடுகள் இதற்கும் அப்படியே பொருந்தும்.

மாமியாருக்கு இராக்கொக்கைக் காட்டிய அன்று, கரையிலிருந்து திரும்பும் வழியில், வயலோரம் ஆள்காட்டிப் பறவை ஒன்று எழுந்தது. விரலுக்கும் இப்பறவைக்கும் தமிழ் ஒரே பெயரை இட்டிருக்கிறது. விரல் ஆளைக் காட்டுவது குறைவு. பறவை ஆளைத் தவிர வேறெதையும் பெரிதாகக் காட்டுவதில்லை. அது எங்கள் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தியது. மரம், எருமை, கடிகாரம், குடை எதையும் குறியாகக் கொள்ளவில்லை. தேங்கிய நீரில் நின்ற நான்கு நெடுங்கால் உள்ளான்களும் ஒரே கணத்தில் எங்கள் பக்கம் தலை திருப்பின. அவற்றுள் ஒன்றுகூட "எங்கே?" என்று கேட்கவில்லை.